வெள்ளிக்கிழமைத் தட்டு

பிரபஞ்சத்திடம் கேட்டால் கிடைக்கும் என்று எனக்கு முதன்முதலில் சொன்னவர் எங்கள் கடை முதலாளியம்மா. புளத்கொகுபிட்டிய பஸ் ஹோல்ட்டுக்கு எதிரே அவர்களுக்கு ஒரு போட்டோகொப்பிக் கடை. நான் அங்கே காலை எட்டு மணியிலிருந்து மெஷினோடு மல்லுக்கட்டுகிறவள். முதலாளியம்மா முன்மேசையில் உட்கார்ந்து, ஃபோனில் ஒரு பெண்குரலைக் கேட்டுக்கொண்டே இருப்பார். இந்தியாவில் இருந்து பேசுகிற குரல். தேன் தடவின குரல். "நடக்கும் என்று சொல்லாதீர்கள். நடந்துவிட்டது என்று சொல்லுங்கள்" என்று அது ஒரு நாளைக்கு இருபது தரம் சொல்லும்.

"வேன் வேணும்னு எழுதுனேன் புள்ள. வெடிய எந்திரிச்சு எழுதுனேன். வந்துருச்சு பாத்தியா?" என்பார் முதலாளியம்மா.

வேன் வந்தது உண்மைதான். அவருடைய மூத்தார், புருஷனின் அண்ணன், நெஞ்சு வலித்து ஒரே நாளில் செத்துப்போனார். அவருக்குப் பிள்ளை இல்லை. அதனால் அவருடைய வேன் இவர்கள் வாசலுக்கு வந்தது. காரியம் முடிந்த மறுநாளே அதற்குச் சந்தனம் பூசிப் பொட்டு வைத்தார்கள். கேட்டது வந்ததைச் சொன்னாரே தவிர, அது எந்த வழியாக வந்தது என்பதை முதலாளியம்மா ஒருநாளும் வாயெடுத்துச் சொன்னதில்லை. எனக்கு நாக்கு துறுதுறு என்று இருந்தது. வேலை போய்விடும் என்று அடக்கிக்கொண்டேன்.

அப்படி உள்ளுக்குள் சிரித்த நான்தான் ஆறு மாதம் கழித்து அதே கடையில் எழுதுகிற கொப்பி ஒன்று வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அக்காவுக்காக.

பெட்ரோலுக்கு ஊரே வரிசையில் நின்ற வருஷம், என் அக்கா அரபு நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அப்பா செத்து அப்போதே நாலு வருஷம். அம்மா தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவள். மழை பெய்தால் பால் வெட்டு இல்லை, எங்கள் பக்கம் மழை பெய்யாத மாதம் என்று ஒன்று கிடையாது. லயத்து வரிசை வீட்டில் எங்களுக்கு ஒரே ஒரு காம்பரா அறை, முன்னால் இஸ்தோப்பு என்கிற திண்ணை, அதன் மூலையில் அடுப்பு. மழைக்காலத்தில் ஒழுகாத இடம் பார்த்துப் பாய் போட வேண்டும். "நாலு சொவரு நம்ம பேருல எழுப்பிட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். போகும்போது புதுச் செருப்பு ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு, "வந்து போட்டுக்கிறேன்" என்று கழற்றி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு அவளுடைய கோல் வரும். அங்கே அப்போது மத்தியானம் ரெண்டரை மணி. வீட்டுக்காரர்கள் வெள்ளிக்கிழமையில் வெளியே போய்விடுவார்களாம். எடுத்ததும் அவள் கேட்பது ஒரே கேள்வி: "இன்னைக்கு என்னா தின்னீங்க?" ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும் என்று நான் சொல்வேன். "ஓரம் கருக விட்டியா?" என்பாள். கருகின ஓரத்தைத்தான் அவள் முதலில் பிய்த்துத் தின்பாள். "ஒனக்கு உப்புக் கை புள்ள. ஒன் சம்பல தின்னா ஒரு கொடம் தண்ணி வேணும்" என்று சொல்லிச் சிரிப்பாள். என் கைக்கு உப்பு கூடத்தான் விழும். அம்மா தினமும் அதைச் சொல்லியே தின்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை கோல் வரவில்லை. அடுத்த வெள்ளியும் இல்லை. நாங்கள் எடுத்தால் அந்த நம்பர் வேலை செய்யவில்லை. டவுனில் அவளை அனுப்பின ஏஜென்சிக்கு அம்மாவும் நானும் போய் நின்றோம். அங்கே மேசையில் இருந்த சிங்கள மாத்தயா முகத்தைக்கூடத் தூக்காமல், "பலமு, பலமு" என்றார். பார்ப்போம், பார்ப்போம். ஐந்து மாதமாக அந்த ஆள் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மேசையைக் கவிழ்த்திருப்பேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அம்மா வெள்ளிக்கிழமைகளில் தோட்டத்தின் மேல் பிரிவான மேல்கணக்கில் இருக்கிற மாரியம்மன் கோயிலுக்கு நடக்கத் தொடங்கினாள். எனக்குக் கோயிலில் போய் அழவும் வரவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. ஒருநாள் கடையில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தத் தேன்குரல் சொன்னது எனக்கென்றே சொன்ன மாதிரி இருந்தது. "உங்களுக்குப் பிரியமானவர் வந்துவிட்டார். வந்துவிட்டவருக்குச் செய்வதைச் செய்யுங்கள். சந்தேகப்படுகிற கண் அதைப் பார்க்கக் கூடாது. கதவை மூடிக்கொள்ளுங்கள்." அன்றைக்குத்தான் கொப்பி வாங்கினேன்.

அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள், நன்றி. இதைத் தினமும் விடிய எழுந்து முப்பத்து மூன்று தரம் எழுதினேன். எழுத எழுத எனக்கே வெட்கமாக இருந்தது. வராதவளை வந்துவிட்டாள் என்று எழுதுகிற கையைப் பார்த்தால் பொய்சாட்சி சொல்கிறவளின் கை மாதிரி இருந்தது. ஆனாலும் விடவில்லை. கொப்பி முடிந்ததும் அடுத்த கட்டம். வந்தவளுக்கு இடம் வேண்டுமே. அவளுடைய உடுப்புப் பெட்டியைத் திறந்து துணிகளைத் துவைத்துக் காயப்போட்டேன். அந்தப் புதுச் செருப்பை எடுத்து, வெளியே இருந்து வந்து கழற்றிவிட்டு உள்ளே போன மாதிரி, காம்பரா வாசலில் முன்பக்கம் உள்ளே பார்க்க வைத்தேன். அம்மாவிடம், "தூசி தட்டி வெச்சிருக்கேன்" என்றேன்.

பிறகு தட்டு. வந்தவள் பசியோடு இருப்பாள் இல்லையா? வெள்ளிக்கிழமை எனக்கு அரைநாள் வேலை. அம்மா கோயிலுக்குப் போன பிறகு, இரண்டு ரொட்டியை ஓரம் கருகச் சுட்டு, கட்டச் சம்பல் இடித்து, பால் சேர்க்காமல் இஞ்சி போட்ட ஒரு பிளேன்டியும் கோப்பையில் ஊற்றி, எல்லாவற்றையும் அவளுடைய எனாமல் தட்டோடு காம்பரா நடுவில் வைத்தேன். சரியாக ஐந்து மணிக்குக் கதவைச் சாத்திவிட்டு இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்தேன். கண்ணை மூடி, அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஓரத்தைப் பிய்ப்பதாக நினைத்துக்கொண்டேன். கால் மணி நேரம். பிறகு உள்ளே போய் அந்த ரொட்டியை நானே தின்றேன். சாப்பாட்டை வீணாக்க எங்களுக்குக் கட்டுப்படியாகாது.

முதல் நாலைந்து வெள்ளி ஒன்றும் இல்லை. உப்பு கரித்தது, வழக்கம்போல.

ஆறாவது வெள்ளியில் சம்பல் சப்பென்று இருந்தது. உப்புப் போட மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அன்று அந்தியில் அம்மா வந்து அதே உரலில் மிச்சமிருந்த சம்பலைத் தொட்டு வாயில் வைத்து, "தூ, உப்பு அள்ளிக் கொட்டியிருக்கா" என்றாள். நான் எழுந்து போய் உரலில் விரல் விட்டுப் பார்த்தேன். நாக்கு எரிந்தது. ஒரே உரல், ஒரே சம்பல். தட்டில் வைத்ததில் மட்டும் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை.

அடுத்த வெள்ளியும் அப்படித்தான். பிளேன்டியில் இஞ்சி மணம்கூட இல்லை. வெறும் சுடுதண்ணீர் குடித்த மாதிரி இருந்தது. எனக்குக் காய்ச்சலா, நாக்கு செத்துவிட்டதா என்று பார்க்க ஒரு கல் உப்பை எடுத்து வாயில் போட்டேன். கரித்தது. நான் பயந்திருக்க வேண்டும். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வந்தது சந்தோஷம். வேலை செய்கிறது என்று நினைத்தேன். முதலாளியம்மாவின் வேன் என் நினைவுக்கு வரவேயில்லை.

அதற்கடுத்த வாரம் கடைக்குப் போக இறங்குகிறேன். எங்கள் தோட்டத்து வளைவில் ஒரு சிங்கள அம்மாவின் சின்னக் கடை இருக்கிறது. வெற்றிலை, சீனி, பிஸ்கட் விற்பார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "நங்கி, அக்கா ஆவா நேத?" என்றார். தங்கச்சி, அக்கா வந்துவிட்டாள் இல்லையா என்று கேட்கிறார். இல்லையே என்றேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் அக்கா வளைவைத் தாண்டி ரோட்டில் இறங்கிப் போனதைப் பார்த்தாராம். பின்னால் இருந்துதான் பார்த்தாராம். கூப்பிட்டாராம், திரும்பவில்லையாம். "மெலிஞ்சு போயிட்டா" என்று தன் சிங்களத்தில் சொல்லி உச்சுக்கொட்டினார்.

யாரையோ பார்த்து ஏமாந்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் பஸ் ஏறினேன். அன்றைக்கு ஒரு கொப்பி கேட்டவருடைய அடையாள அட்டையைப் பதினொரு கொப்பி எடுத்துவிட்டு முதலாளியம்மாவிடம் ஏச்சு வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் வாசலைப் பார்த்தேன். செருப்பு இருந்தது. ஆனால் முன்பக்கம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே இருந்து ஒருவர் புறப்பட்டுப் போகும்போது கால் நுழைக்கத் தோதாக. எடுத்துப் பார்த்தேன். ஒருநாளும் யாரும் போடாத அந்தச் செருப்பின் அடியில் சிவப்பு மண் ஈரமாக அப்பியிருந்தது.

அம்மா திருப்பி வைத்தாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? மண்ணைத் துடைத்து, பழையபடி உள்ளே பார்க்க வைத்தேன்.

அடுத்த வெள்ளி நல்ல மழை. ரப்பர் காட்டுக்குள் நாலு மணிக்கே இருட்டுக் கட்டியிருந்தது. அம்மா குடையோடு கிளம்பிப் போன பிறகு தட்டை வைத்தேன், கதவைச் சாத்தினேன், இஸ்தோப்பில் உட்கார்ந்தேன். தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்துக்குள்ளேயும் காம்பராவுக்குள் தட்டு தரையில் இழுபடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. எனாமல் தட்டு சிமெந்தில் உரசுகிற சத்தம். ஒரு தரம்தான். சாப்பிட உட்கார்கிறவர் தட்டைத் தன் பக்கம் இழுப்பாரே, அந்த அளவுக்கு. கதவைப் பார்த்தபடியே சுவரோரம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

அப்போது அம்மா திரும்பி வந்தாள். பாதையில் மரம் விழுந்து போக முடியவில்லையாம். முழங்கால்வரை நனைந்து, காலில் ஏறின அட்டையைப் பிடுங்கி எறிந்துகொண்டே இஸ்தோப்பில் ஏறினாள். சாத்தின கதவைப் பார்த்தாள். வெளியே உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். ரொட்டி மணத்தை மூக்கால் இழுத்தாள். பிறகு கதவுக்குப் போய் மூன்று தரம் தட்டிவிட்டு, மற்றக் கையால் தள்ளித் திறந்தாள்.

உள்ளே யாரும் இல்லை. தட்டின கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில்தான் அது புரிந்தது.

எங்கள் லயத்தில் உயிரோடு இருக்கிற யாருக்காகவும் யாரும் கதவைத் தட்டுவது கிடையாது. கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போய்விடுவோம். வருஷத்தில் ஒரு நாள்தான் தட்டுவோம். தீபாவளியன்று செத்தவர்களுக்குப் படையல் போடுவோம். அவர்களுடைய துணியைத் துவைத்து வைத்து, அவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்து, காம்பரா நடுவில் வைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் இஸ்தோப்பில் உட்கார்ந்திருப்போம். அவர்கள் வந்து தின்னட்டும் என்று. கால் மணி நேரம் கழித்து மூன்று தரம் தட்டி, அவர்களுக்கு எழுந்து போக நேரம் கொடுத்துவிட்டுத்தான் திறப்போம். பிறகு அதை நாம் தின்றால் ருசி இருக்காது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அப்பாவுக்கு நானே நாலு வருஷம் அப்படி வைத்தவள். அந்தத் தேன்குரல் சொன்ன ஒவ்வொன்றையும் ஏதோ புது வித்தை என்று நினைத்துச் செய்தேனே, என் கைக்கு அது ஏற்கெனவே பழகின வேலை என்பது எனக்கு உறைக்கவேயில்லை.

"அடிப் பாவி, யாருக்குடி வெச்ச?" என்றாள் அம்மா. குரல் சின்னதாக வந்தது.

"அக்காவுக்குத்தாம்மா. வந்துட்டான்னு நெனச்சு செஞ்சா வந்துருவான்னு..."

"உசுரோட இருக்கவளுக்குப் படையல் போட்டியா? எம்புள்ளைய ஒன் கையால சாவு வழியில கூப்பிட்டியா?"

அடித்தாள். என் வயதில் யாரும் அம்மாவிடம் அடி வாங்க மாட்டார்கள், ஆனால் அன்று வாங்கினேன். வலிக்கவில்லை. அம்மா தட்டைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் போய் ரொட்டி, சம்பல், பிளேன்டி எல்லாவற்றையும் தண்ணீர் ஓடுகிற கானில் கொட்டினாள். தட்டையும் எறிந்தாள். அது கானில் உருண்டு போகிற சத்தம் கீழ் லயம்வரை கேட்டது. செருப்பை எடுத்துப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினாள். நான் கொப்பியை அடுப்பில் வைத்தேன்.

அதற்குப் பிறகு மூன்று வெள்ளிக்கிழமை வந்தது. அந்த மூன்றையும் நான் எப்படிக் கழித்தேன் என்று எழுத எனக்குத் தெரியாது. அவள் எங்கேயோ உயிரோடு இருந்திருக்கிறாள், நான்தான் சோறு வைத்து அவளை இந்தப் பக்கமே இல்லாமல் ஆக்கிவிட்டேன் என்று தோன்றியது. வளைவுக் கடைக்காரம்மா பார்த்தது யாரை? மெலிந்துபோனவளை. முதலாளியம்மாவின் வேன் ஒவ்வொரு நாளும் கடை வாசலில் நின்றது. அதைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டே உள்ளே போவேன். கேட்டது வரும், எந்த வழியாக வரும் என்று மட்டும் சொல்ல முடியாது.

நாலாவது வாரம் செவ்வாய்க்கிழமை, கடையில் இருக்கும்போது தெரியாத நம்பரில் இருந்து கோல் வந்தது.

"தங்கச்சி, நாந்தான்."

உயிரோடு இருக்கிறாயா என்று எப்படிக் கேட்பது? "நீ எங்க இருக்க?" என்றேன்.

தூதரகத்தில் இருக்கிறாளாம். கால் உடைந்திருக்கிறதாம். கட்டுப் பிரித்ததும் அனுப்பிவைப்பார்களாம். மெஷினில் தாள் சிக்கிக் கூவிக்கொண்டிருந்தது. முதலாளியம்மா தலையைத் தூக்கிப் பார்த்து, "என்னா புள்ள, கேட்டது வந்துருச்சா?" என்றார்.

அக்கா வந்த நாள் வெயில் அடித்தது. பஸ் ஹோல்ட்டில் நான்தான் போய் நின்றேன். பாதியாகிப் போயிருந்தாள். இடது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தாள். வளைவுக் கடையைத் தாண்டும்போது கடைக்காரம்மா எழுந்து நின்று பார்த்தார். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, பிறகு நாங்கள் போன பின்னால் அவள் முதுகையும் பார்த்திருப்பார். என்ன நினைத்தாரோ, கூப்பிடவில்லை.

அம்மா வாசலில் ஆலாத்தி எடுத்தாள். மஞ்சள் தண்ணீரை மூன்று தரம் சுற்றினாள். அக்காவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தரையில் படுகிறதா என்று பார்த்திருக்கிறாள். எனக்கும் அந்தப் பார்வைதான். பிறகு அம்மா அவளைக் கட்டிக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள். காம்பரா கதவு அகலத் திறந்தே இருந்தது. அன்றைக்கு அதைச் சாத்த நாங்கள் இரண்டு பேரும் விடவில்லை.

ரொட்டி சுட்டேன். ஓரம் கருகத்தான் சுட்டேன். சம்பல் இடிக்கும்போது உப்பைக் குறைத்தேன். மூன்று பேரும் காம்பராவில் உட்கார்ந்தோம். அக்கா ஓரத்தைப் பிய்த்துச் சம்பலில் தொட்டு வாயில் வைத்தாள். மென்றாள். என்னைப் பார்த்தாள்.

"இன்னைக்கு உப்பு கொறச்சிட்ட" என்றாள்.

கொஞ்ச நேரம் தின்றாள். பிறகு யாரும் கேட்காமலே சொன்னாள். ஃபோனை அந்த வீட்டு மேடம் பிடுங்கிக்கொண்டாளாம். ஒரு நேரம்தான் சாப்பாடு. வெள்ளிக்கிழமை எல்லோரும் வெளியே போகும்போது இவளை மேல் மாடி அறையில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவார்கள். அன்றைக்கு அந்த ஒரு நேரமும் இல்லை.

"ரெண்டரை மணி ஆனா பசி பெரட்டி எடுக்கும். ஒரு நாளு கண்ண மூடிக்கிட்டு கெடந்தேன். வாயில கருகின ஓரம் தட்டுப்பட்டுச்சு. அப்புறம் கட்டச் சம்பல். உப்புன்னா உப்பு, அப்புடி ஒரு உப்பு. எந்திரிச்சு பைப்புல தண்ணி குடிச்சேன். இஞ்சிகூட மணந்துச்சு. எனக்குப் பைத்தியம் புடிச்சிருச்சுன்னுதான் நெனச்சேன். ஆனா வயிறு நெறஞ்சிருச்சு புள்ள. ஒவ்வொரு வெள்ளியும் வந்துச்சு. அது வருதுன்னுதான் அந்த ரூமுக்குள்ள கெடந்தேன்."

அம்மா தின்பதை நிறுத்திவிட்டாள்.

"அப்புறம் மூணு வெள்ளி ஒன்னுமே வரல. முதல் வெள்ளி காத்துக்கிட்டு இருந்தேன். ரெண்டாவது வெள்ளி அழுதேன். மூணாவது வெள்ளி இனிமே இங்க கெடந்தா செத்துருவேன்னு தோணுச்சு. ஜன்னல ஒடச்சு குதிச்சேன். அதுல போனதுதான் காலு."

நாங்கள் அவளிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை. தட்டைப் பற்றி, கொப்பியைப் பற்றி, கானைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அக்கா கடைசித் துண்டு ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். கோபம் இல்லை. சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி கேட்டாள்.

"ஏன்டி நிப்பாட்டுன?"

வைத்ததால் பிழைத்தாளா, நிறுத்தினதால் வந்தாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அம்மாதான் பேசினாள்.

"நாந்தாம்மா கொட்டுனேன்" என்றாள். "செத்தவங்களுக்கு வெக்கிறதுன்னு நெனச்சு கான்ல கொட்டிட்டேன்."

அக்கா அம்மாவைப் பார்த்தாள். பிறகு காலித் தட்டைத் தரையில் உரசி அம்மா பக்கம் நகர்த்தினாள். மழையில் எனக்குக் கேட்ட அதே சத்தம்.

"இன்னும் ஒன்னு வையும்மா" என்றாள்.